கம்மஞ்சோறு தந்த மயக்கம்: தேன் ஒழுகல் நோய் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே வீட்டில் ஐந்து பேர் ஒரே ராத்திரியில் வாந்தி எடுத்தார்கள். எடுத்து ஓய்ந்ததும் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுந்தார்கள். ஆறாவது ஆள், பதினோரு வயதுப் பையன், அவர்களைத் தாங்கிப் பிடித்தபடி ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் நின்றான். அது தை மாதம், மணி பத்தே முக்கால். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் உள்ள மானாவாரிப் பகுதியில் தோட்டத்திலேயே குடியிருக்கும் குடும்பம் அது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று நாங்கள் பேசி வைத்துக்கொண்டோம்.

வந்தவர்கள் அப்பாரு, ஆத்தா, அவர்கள் மகன், மருமகள், அப்புறம் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பேத்தி. பேத்தியின் மடியில் ஐம்பது நாள் குழந்தை. எட்டு மணி சுமாருக்குக் கம்மஞ்சோறும் மோரும், கூடவே பச்சைப் பயறு கடைந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ஒன்பதரைக்குள் எல்லாருக்கும் குமட்டல் ஆரம்பித்துவிட்டது. ஆத்தாதான் அதிகம் சிரமப்பட்டார். ஆறேழு தடவை வாந்தி எடுத்து, நிற்க வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். "வீடே சுத்துதுங் டாக்டரம்மா. கண்ணு செருகிட்டுப் போவுதுங்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் கண் மூடிக்கொண்டது. தோளைத் தட்டினால் விழித்து, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கினார்.

பையன் மட்டும் கம்மஞ்சோறு வேண்டாமென்று அடம்பிடித்து, மத்தியானச் சாதத்தைத் தயிரில் பிசைந்து சாப்பிட்டிருந்தான்.

பரிசோதனையில் யாருக்கும் காய்ச்சல் இல்லை, பேதி இல்லை. கண்மணிகள் சாதாரண அளவில் இருந்தன, டார்ச் அடித்தால் சுருங்கின. தோட்டத்துக்காரர்கள் கூட்டமாக வாந்தியோடு வந்தால் எங்களுக்கு முதலில் வருவது பூச்சிமருந்துச் சந்தேகம்தான். அப்படியானால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும், எச்சில் ஒழுகும், வியர்த்துக் கொட்டும். இங்கே அதெல்லாம் இல்லை. ஊமத்தை விதை தானியத்தில் கலந்திருந்தால் கண்மணி விரிந்து, வாய் வறண்டு, ஆள் பிதற்றுவார். அதுவும் இல்லை. எனவே 'உணவு நஞ்சு' என்று எழுதி, மூன்று பேருக்குக் குளுக்கோஸ் ஏற்றினேன், மற்றவர்களுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் எல்லாரும் தெளிந்து வீட்டுக்குப் போனார்கள். மோர் கெட்டிருக்கும், அதை ஊற்றிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அங்கேதான் என் தவறு. கெட்ட மோரால் வந்த வாந்தி என்றால் ஐவரில் ஒருவருக்காவது வயிற்றுப்போக்கு இருந்திருக்க வேண்டும். ஐவருக்கும் இப்படி ஒரு தூக்கம் வந்திருக்கவும் கூடாது. இரண்டையும் கண்ணால் பார்த்தேன், நோயாளிச் சீட்டிலும் எழுதினேன். எழுதியதை யோசிக்கத்தான் இல்லை. நான்காம் நாள் ராத்திரி அதே வேன், அதே ஐந்து பேர். இந்தத் தடவை மோரே சேர்க்கவில்லை. கம்பங்களி கிண்டிக் கீரைக் குழம்போடு சாப்பிட்டிருந்தார்கள். பையன் அன்றைக்கும் களியைத் தொடவில்லை.

மறுநாள் காலை நானும் கிராம சுகாதார செவிலியரும் தோட்டத்துக்குப் போனோம். ஆத்தா தெளிந்திருந்தார், முகம் மட்டும் வெளிறியிருந்தது. வீட்டுக்குள் கம்பு மூட்டை சுவரோரம் நின்றது. உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளி வெள்ளைப் பீங்கான் தட்டில் பரப்பினேன். பச்சை கலந்த சாம்பல் நிறக் கம்பு மணிகளுக்கு நடுவே அங்கங்கே வேறொன்று கிடந்தது. அரை சென்டிமீட்டர் நீளம், ஒரு நுனி கூர்மை, கருஞ்சிவப்பும் கறுப்பும் கலந்த நிறம். எலிப் புழுக்கை என்றுதான் முதலில் தோன்றும். நகத்தால் ஒன்றை உடைத்துப் பார்த்தேன். எலிப் புழுக்கை போல நொறுங்கவில்லை, காய்ந்த வேர்த்துண்டு போல மெல்ல முறிந்தது.

"இது என்னங்க ஆத்தா?"

"அதுங்களா... கருதுலயே வந்துச்சுங். மழையில பதராப் போனதாட்ட இருக்குதுனு உட்டுப்போட்டமுங்."

அந்தக் கறுப்புக் கட்டிதான் எர்காட். தானியம் உருவாக வேண்டிய இடத்தில் பூஞ்சை உட்கார்ந்து, தானியத்துக்குப் பதிலாகத் தன் உடலை வளர்த்துக்கொண்டது. கம்பில் இதைச் செய்கிற பூஞ்சைக்கு கிளாவிசெப்ஸ் ஃபியூசிஃபார்மிஸ் என்று பெயர். வேளாண் துறை இந்த நோயைத் தேன் ஒழுகல் நோய் என்கிறது.

ஒரு கிலோ கம்பை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதந்து வந்த கறுப்புக் கட்டிகளை அரித்தெடுத்துக் காயவைத்து நிறுத்தோம். 18 கிராம் இருந்தது. இந்தியாவில் உணவுத் தானியத்தில் எர்காட் எடையில் 0.05 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது கிலோவுக்கு அரை கிராம். இந்த மூட்டையில் அதைப்போல 36 மடங்கு இருந்திருக்கிறது. வட்டார வேளாண்மை அலுவலர் கட்டிகளைப் பார்த்ததும் நோயை அடையாளம் சொல்லிவிட்டார். மாவை ஆய்வகத்துக்கு அனுப்பி நஞ்சை அளக்கவில்லை. தட்டில் கிடந்த கட்டி, சாப்பிட்டவர்களுக்கு மட்டும் வந்த நோய், மூட்டையை ஒதுக்கியதும் நின்றுபோனது, இந்த மூன்றின் மேல்தான் என் முடிவு நிற்கிறது.

வயலில் நடந்தது

நோய் சாப்பாட்டுத் தட்டில் தொடங்கவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஐப்பசி மழையிலேயே தொடங்கிவிட்டது. ஆடியில் விதைக்க ஈரம் கிடைக்காமல், ஆவணிக் கடைசியில்தான் வீரிய ஒட்டுரகக் கம்பை விதைத்திருக்கிறார்கள். பயிர் பூத்த வாரம் முழுக்க வானம் மூடிக்கிடந்து விடாத தூறல்.

கம்பில் ஒரு விசேஷம் உண்டு. கதிரில் முதலில் வெளியே வருவது சூல்முடி, பெண் பாகம். மகரந்தம் இரண்டொரு நாள் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளிதான் பூஞ்சைக்கு வாசல். காற்றில் வந்த மகரந்தம் சூல்முடியில் சீக்கிரம் விழுந்துவிட்டால் அது வாடிச் சுருங்கி, வாசல் அடைபட்டுவிடும். தூறல் பிடித்துக்கொண்டால் மகரந்தம் நனைந்து பறக்காது, சூல்முடி ஈரத்தோடு காத்துக்கிடக்கும். பூஞ்சை அந்த வழியாக உள்ளே போய்விடும். ஒட்டுரகத்தில் வயல் முழுக்க ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூப்பதால், முந்திப் பூத்த கதிரிலிருந்து பிந்தியதற்கு மகரந்தம் கிடைக்கும் வாய்ப்பும் குறைவு. நம் நாட்டின் முதல் ஒட்டுரகக் கம்பு 1965இல் வந்தது. எர்காட் பெரிய தொல்லையானது அதற்கப்புறம்தான். ஒட்டுரகத்தை நான் குறை சொல்ல வரவில்லை. விளைச்சல் தந்த பயிர் அது. பூக்கும் வாரம் எந்த வானிலையில் வந்து விழும் என்பதை அந்தப் பயிரில் இன்னும் கவனமாகக் கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான்.

பூஞ்சை உள்ளே போன ஒரு வாரத்துக்குள் கதிரிலிருந்து இளஞ்சிவப்பாகவோ பால்நிறமாகவோ பிசுபிசுப்பான துளிகள் வடியும். தேன் ஒழுகல் என்ற பெயர் அதனால்தான். அந்தத் துளியில் பூஞ்சை வித்துகள் கோடிக்கணக்கில் இருக்கும். இனிப்புக்கு ஈயும் எறும்பும் வரும், மழைச் சாரல் தெறிக்கும், அடுத்த கதிருக்குப் பரவிவிடும். சில வாரத்தில் துளி காய்ந்து அதே இடத்தில் கறுப்புக் கட்டி நீட்டிக்கொண்டிருக்கும். "கருதுல கை வெச்சா பசையாட்ட ஒட்டுச்சுங். மழத்தண்ணினு நெனச்சமுங்" என்றார் மகன்.

வேளாண்மை அலுவலர் எங்களை வேலிப்பக்கம் கூட்டிப்போய்க் காட்டிய ஒன்று எனக்குப் புதிது. வயலுக்கு அடுத்து அவர்களுடைய கொறங்காடு. கிளுவை வேலி போட்டு, வெள்வேல மரங்களுக்குக் கீழே கொழுக்கட்டைப்புல் விட்டு மாடு மேய்க்கிற நிலம். காங்கேயம் மாடுகள் வளர்ந்ததே இந்தப் புல்லில்தான். கம்பு இல்லாத மாதங்களில் இந்தப் பூஞ்சை அண்டிக்கிடக்கக்கூடிய புற்களில் கொழுக்கட்டைப்புல்லும் ஒன்று. அதற்காகக் கொறங்காட்டை அழிக்கச் சொல்ல யாருக்கும் மனசு வராது, வரவும் கூடாது. வயலை ஒட்டிய வரப்பில் மட்டும் புல் பூப்பதற்கு முன்பே அறுத்து மாட்டுக்குப் போடலாம் என்று அவர் சொன்னார். அது எனக்கும் சரியாகப் பட்டது.

அறுவடை முடிந்ததும் நல்ல கம்பை வியாபாரி எடுத்துக்கொண்டார். களத்தின் அடிக்கம்பை மூட்டை கட்டி வீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். அதில் ஒரு பங்கை நேராக மாவு மில்லில் அரைத்தாகிவிட்டது. உரலில் குத்திப் புடைத்த காலத்தில் இந்தக் கட்டிகள் தானியத்தைவிட லேசானவை என்பதால் ஓரளவு முறத்திலேயே விலகியிருக்கும். பழைய வழக்கம் முழுப் பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன், உடைந்த துண்டுகள் தானியத்தோடு தங்கிவிடும். ஆனால் மில்லில் எதுவும் விலகுவதில்லை. எல்லாம் ஒரே மாவு.

தாய்ப்பால்

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பேத்தியின் கதை. வாந்தி அவளுக்குக் கொஞ்சம்தான். அன்றைக்குச் செவிலியர் குழந்தையின் தாய் சேய் நல அட்டையை என்னிடம் நீட்டி, "இதப் பாருங்க மேடம்" என்றார். பிறந்தபோது 2.9 கிலோ. முதல் ஐந்து வாரத்தில் நான்கு கிலோவுக்கு நல்ல ஏற்றம். அதற்கப்புறம் இரண்டு வாரத்தில் 100 கிராம்தான் கூடியிருந்தது. ஆத்தா காரணம் வைத்திருந்தார். "கண்ணு பட்டுருச்சுங். வாரந்தோறும் சுத்திப் போடறமுங்." பால் ஊறட்டும் என்று அவளுக்குத் தினமும் காலையில் கம்பங்கூழ் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மாவை அரைத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன் புரோலாக்டின். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் அதை அடக்கிவைக்கும். கம்பு எர்காட்டில் இருக்கும் அக்ரோகிளாவின், எலிமோகிளாவின் போன்ற ஆல்கலாய்டுகள், அதாவது பூஞ்சை உண்டாக்கும் வேதிப்பொருட்கள், டோபமைனைப் போலவே வேலை செய்யக்கூடியவை. 1950களின் கடைசியில் அன்றைய ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) எர்காட் பிடித்த கம்பைத் தின்ற சினைப் பன்றிகள் குட்டி போட்டபின் பால் சுரக்காமல் போனதைக் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே ஒரு தாயை வைத்து இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்வது முறையாகாது. தூக்கக் கலக்கத்தில் அவள் குழந்தையை அடிக்கடி மார்பில் போடாததும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனாலும் காலக்கணக்கு பொருந்துகிறது, உடலில் நடக்கும் வழியும் பொருந்துகிறது.

அவளுடைய பிரசவச் சீட்டையும் புரட்டினேன். குழந்தை பிறந்ததும் ரத்தப்போக்கு அதிகமாகி, மெத்தர்ஜின் 0.2 மில்லிகிராம் ஊசி போட்டு நின்றதாக எழுதியிருந்தது. மெத்தில் எர்கோமெட்ரின் என்பது அதன் முழுப்பெயர். எர்காட்டிலிருந்து பிறந்த மருந்து. ஐம்பது நாளுக்கு முன்னால் அவள் உயிரைக் காப்பாற்றியதும், இப்போது அவள் குழந்தையின் பாலைக் குறைத்திருக்கக்கூடியதும் ஒரே பூஞ்சைக் குலத்தின் சரக்கு. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப இது மருந்துங்களா?"

அதற்குள் பையன் அக்காவின் போனில் எர்காட் என்று தேடி, கறுத்து அழுகிய விரல்களின் படத்தைப் பார்த்துப் பயந்துபோயிருந்தான். "ஆத்தாளுக்கு வெரலு உழுந்துருமுங்களா?" என்று கேட்டான். விழாது. அந்தப் படங்கள் ஐரோப்பாவின் கதை. அங்கே ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தில் வரும் பூஞ்சை வேறு இனம், கிளாவிசெப்ஸ் பர்ப்யூரியா. அதில் எர்கோடமைன் போன்ற ஆல்கலாய்டுகள் உண்டு. அவை ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும். ரத்தம் போகாத விரல் எரிந்து, மரத்து, கறுத்துப் போகும். இடைக்காலத்தில் ஊர் ஊராக அது வந்தபோது புனித அந்தோணியாரின் தீ என்று பெயர் வைத்தார்கள். நம் கம்பில் இருப்பது கிளாவின் வகை. அது குடலையும் மூளையையும் தொல்லை செய்கிறது: குமட்டல், வாந்தி, கிறுகிறுப்பு, தூக்கம். சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு நாளுக்குள் தெளியும். 1975இல் ராஜஸ்தானில் கம்பு ரொட்டி தின்ற கிராமத்து மக்களுக்கு வந்ததும் இதேதான். என் ஐந்து பேரின் சீட்டும் அந்த வரிசையில் ஒரு வரி மாறாமல் உட்கார்கிறது.

பிரசவச் சீட்டை வைத்து நான் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த மகன், "ஏனுங் டாக்டரம்மா, அப்ப இது மருந்துங்களா? வெலைக்குப் போவுமுங்களா?" என்றார். நியாயமான கேள்வி. விளைச்சல் போன மனுசன் கேட்கத்தான் செய்வார்.

அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஐரோப்பிய மருத்துவச்சிகள் பிரசவ வலியைக் கூட்ட ரை எர்காட்டைக் கொடுத்து வந்தார்கள், 16ஆம் நூற்றாண்டு மூலிகை நூலிலேயே அந்தக் குறிப்பு உண்டு. 1808இல் ஜான் ஸ்டேர்ன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் எர்காட் பொடியால் பிரசவம் சீக்கிரம் முடிகிறது என்று எழுதியதும் மருத்துவர்களும் எடுத்துக்கொண்டார்கள். பொடியில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கருப்பை விடாமல் இறுகி, கிழிந்து, குழந்தைகள் செத்துப் பிறந்தன. 1820களில் டேவிட் ஹோசாக் என்ற நியூயார்க் மருத்துவர் இதைச் சாவுப்பொடி என்றே எச்சரித்து, குழந்தை வெளியே வந்தபிறகு ரத்தப்போக்கை நிறுத்த மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிரசவ அறையில் இன்றைக்கும் அந்த விதிதான். சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டால் 1918இல் எர்கோடமைனைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அது ஒற்றைத் தலைவலி மருந்தானது. கருப்பையை இறுக்கும் உண்மையான ஆள் யார் என்பது 1935இல்தான் தெளிவானது. லண்டனில் சாசர் மோயிரும் ஹெரால்டு டட்லியும் கண்டுபிடித்த எர்கோமெட்ரின் அது. இதே குலத்து மூலப்பொருளை வைத்து 1938இல் ஆல்பர்ட் ஹோஃப்மன் செய்த ஒன்றுதான் எல்எஸ்டி என்கிற மனமயக்கப் பொருள். பிற்பாடு வந்த புரோமோகிரிப்டின் புரோலாக்டினை அடக்கும் மாத்திரை, தாய்ப்பாலை வற்றவைக்கவே ஒரு காலத்தில் அதைக் கொடுத்தார்கள்.

நம் பக்கத்திலும் இதில் ஒரு அத்தியாயம் உண்டு. 1940களில் கோயம்புத்தூரின் பூஞ்சையியல் வல்லுநர்கள் நீலகிரியில் ரை பயிரிட்டு, கதிரில் வேண்டுமென்றே பூஞ்சையை ஏற்றி, மருந்துக்கு எர்காட் எடுத்துப் பார்த்தார்கள். இன்றைக்கு மருந்துக் கம்பெனிகள் பெரும்பாலும் தொட்டியில் பூஞ்சையை வளர்த்தும், அதிலிருந்து வருவதை வேதிமாற்றம் செய்தும் தயாரிக்கின்றன. கம்பு எர்காட்டில் அவர்கள் தேடுகிற எர்கோமெட்ரின் இல்லை. எனவே மகனின் மூட்டைக்குச் சந்தை கிடையாது. விலை கிடைத்தாலும் யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று சொன்னேன். யாராவது இதைப் பிரசவ மருந்து என்று இடித்துக் கொடுத்தால், அந்தப் பெண்ணுக்கு ரத்தமும் நிற்காது, மயக்கமும் கூடவே வரும்.

மருந்து என்கிற மெத்தர்ஜினையே நாங்கள் எவ்வளவு பயந்து கையாளுகிறோம் என்பதை அவருக்குக் காட்ட, நிலையத்துக்கு வந்தபோது ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினேன். வெளிச்சம் படாத பழுப்பு ஆம்பூல், 2 முதல் 8 டிகிரி குளிர். ரத்த அழுத்தம் அதிகமுள்ள தாய்க்குப் போடக் கூடாது, குழந்தை வயிற்றில் இருக்கும்போது போடவே கூடாது. ஒரு ஆம்பூலில் ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. "இத்தினியூண்டா?" என்றார். அவர் வீட்டு மாவில் எது எவ்வளவு போகிறது என்று அளந்து போட்டவர் யாரும் இல்லை.

செய்தது

சிகிச்சை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, முறிவு மருந்தும் கிடையாது. நீர்ச்சத்து, ஓய்வு, அந்தக் கம்பை நிறுத்துவது, இவ்வளவுதான். அரைத்த மாவை ஆழக் குழி வெட்டிப் புதைத்தார்கள். மாட்டுக்கோ கோழிக்கோ போடக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது, மாவை மண்ணில் கொட்ட ஆத்தாவுக்கு மனசே வரவில்லை.

அரைக்காத கம்பைக் காப்பாற்ற வழி உண்டு. அகலமான அண்டாவில் 10 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ கல்லுப்பு கரைத்து, கம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறினோம். நல்ல மணி அடியில் தங்கியது. கட்டியும் பதரும் மேலே வந்து கறுப்பு ஆடை போல மிதந்தன, தேங்காய் நார் வடிகட்டியால் வழித்தோம். மிதப்பது நிற்கும்வரை இரண்டு ஈடு அலசி, அப்புறம் உப்பு போக நல்ல தண்ணீரில் மூன்று தடவை கழுவி, பாயில் போட்டு வெயிலில் உலர்த்தினார்கள். காய்ந்ததும் ஒரு பிடியை மறுபடியும் வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்த்தோம். விதைக்கு என்றால் 10 லிட்டருக்கு ஒரு கிலோ உப்பு போதும் என்று வேளாண்மை அலுவலர் சொன்னார். அறுவடை முடிந்த வயலை ஆழ உழுது, உதிர்ந்த கட்டிகளை மண்ணுக்கடியில் புதைக்கவும், மழை நாளில் பூக்காதபடி விதைப்பைத் தள்ளவோ முந்தவோ செய்யவும் சொன்னார்.

அதே மழையில் கம்பு அறுத்த பக்கத்துத் தோட்டங்கள் ஏழுக்கும் செவிலியரோடு போய்த் தட்டில் பரப்பிப் பார்த்தோம். இரண்டு வீட்டு மூட்டையில் கட்டி இருந்தது. அதில் ஒரு வீட்டுப் பாட்டிக்குப் பதினைந்து நாளாகப் பித்தம் என்று கஷாயம் நடந்துகொண்டிருந்தது.

பேத்திக்குக் கூழை நிறுத்தி, மணிக்கொரு தரம் குழந்தையை மார்பில் போடச் சொன்னோம். ஐந்தாம் நாள் பால் ஊற ஆரம்பித்தது. மூன்று வாரம் கழித்து அட்டையில் எழுதிய எடை 4.8 கிலோ. நோயாளிச் சீட்டில் 'உணவு நஞ்சு' என்று முதல் ராத்திரி எழுதியதை அடித்து, பக்கத்தில் 'எர்காட் கலந்த கம்பு' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன். இப்போது வாந்தியும் தூக்கமுமாக யார் வந்தாலும், சுழற்சிப் பணியில் வரும் இளம் மருத்துவர்களிடம் கேட்கச் சொல்லியிருக்கும் முதல் கேள்வி, வீட்டில் யார் சாப்பிடவில்லை என்பதுதான்.